10 ரூபாய்க்கு அதிகாரியின் பயணக் கணக்கு: ஆர்டிஐ ஆன்லைன் தளம், எல்லையோரத்திலிருந்து ஒரு மதிப்புரை

மும்பையிலுள்ள ரிசர்வ் வங்கி உயரதிகாரிகள் போன வருடம் எந்தெந்த ஊருக்குப் போனார்கள், எவ்வளவு ஆனது என்று கேரள-தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்தபடியே எழுத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தபோதும் இதே 10 ரூபாய்தான். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் சேர்ந்து கிடைக்காது.

அந்தப் 10 ரூபாயை வாங்கிக்கொள்ளும் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தை ஒரே ஒரு வேலைக்காக இங்கே எடைபோடுகிறோம். நிதித்துறையைக் கண்காணிக்கும் அமைப்புகளின் பயணச் செலவைக் கேட்க இது எவ்வளவு உதவும்? மார்க்கை முதலிலேயே சொல்லிவிடலாம். தபால்பெட்டியாக நல்ல சேவை, ஐந்துக்கு நாலு. தமிழில் எழுதுகிறவருக்கு ஐந்துக்கு ஒன்று; அந்த ஒன்றும் பிடிஎஃப் இணைக்க விடுகிறார்கள் என்பதற்காக. வரும் பதில் உருப்படியாக இருக்குமா என்பது பெரும்பாலும் கேள்வியை எழுதும் கையைப் பொறுத்தது. ஆகவே இந்த மதிப்புரையில் பாதிக்குமேல் கேள்வி எழுதுவது பற்றியே இருக்கும்.

முதலில் கதவைச் சரியாகத் தட்ட வேண்டும். ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தைக்கான செபி, காப்பீட்டுக்கான ஐஆர்டிஏஐ, ஓய்வூதியத்துக்கான பிஎஃப்ஆர்டிஏ எல்லாம் மத்திய அமைப்புகள். அவற்றுக்கு இந்தத் தளம் சரி. சித்தூர் தாலுகா ஆபீசோ பாலக்காடு கலெக்டரேட்டோ என்றால் இங்கே வரக்கூடாது. மாநில அலுவலகத்துக்கான மனுவை இதில் போட்டால் திருப்பிவிடுவார்கள், கட்டிய பணம் திரும்பாது. தளத்தின் விதிமுறைப் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. கேரளத்துக்குத் தனித் தளம் இருக்கிறது. மத்திய அமைப்புகளுக்குள்ளேயே மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை. பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இந்தப் பக்கத்து ஆட்கள் அதிகம் சறுக்குவது கூட்டுறவில். பெயர்ப்பலகையில் 'சர்வீஸ் கோ-ஆபரேட்டிவ் பேங்க்' என்று இருக்கும். உண்மையில் அது தொடக்க வேளாண் கடன் சங்கம், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற வங்கி அல்ல. சங்கங்கள் 'வங்கி' என்ற சொல்லைப் பயன்படுத்துவது பற்றி ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. சங்கத் தலைவர் டெல்லி மாநாட்டுக்குப் போன செலவை ரிசர்வ் வங்கியிடம் கேட்டால் 'எங்களிடம் இல்லை' என்ற ஒரு வரிதான் வரும். சங்கத்திடமே நேராகக் கேட்டாலும் சிக்கல். கோட்டயம் மாவட்டத்துத் தலப்பலம் சர்வீஸ் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 7-ல், அரசு கணிசமாக நிதி கொடுக்காத, கட்டுப்படுத்தாத கூட்டுறவுச் சங்கம் இந்தச் சட்டத்தின் கீழ் 'பொது அதிகார அமைப்பு', அதாவது தகவல் தரக் கடமைப்பட்ட அமைப்பு, ஆகாது என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் ஒரு பக்கவாசல் உண்டு: கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகார அமைப்பே. சங்கத்திடமிருந்து சட்டப்படி அவர் கேட்டு வாங்கக்கூடிய தகவலை அவர் வழியாக நாமும் கேட்கலாம். 'தகவல்' என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2(எஃப்)-ஐக் குறிப்பிட்டு, கேரளத் தளத்தில், பதிவாளருக்குப் போட வேண்டிய மனு அது.

அடுத்தது மொழி. தளத்தின் பெரிய குறை இதுதான். கேள்விப் பெட்டியில் ஆங்கில எழுத்து, எண்கள், சில குறியீடுகள் மட்டும்தான் ஏறும். தமிழில் தட்டினாலும் மலையாளத்தில் தட்டினாலும் தள்ளிவிடும். ரூபாய்க் குறியீடு, மேற்கோள் குறி ஆகியவையும் ஆகாது. வேர்டு ஃபைலிலிருந்து அப்படியே ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியும் நீளமான கோடும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பிழை எங்கே என்று தெரியாமல் அரை மணி நேரம் போகும். நோட்பேடில் ஒருமுறை போட்டு எடுத்து ஒட்டுங்கள். பெட்டியின் அளவு 3,000 எழுத்து. அதற்கு மேல் என்றால் ஒரு எம்பிக்குள் பிடிஎஃப் இணைக்கலாம். கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது.

தமிழ் மனுவுக்கு வழி அந்தப் பிடிஎஃப் மட்டும்தான். ஆனால் சட்டம் சொல்வதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம், இந்தி, அல்லது மனு செய்யும் பகுதியின் ஆட்சிமொழி என்கிறது பிரிவு 6(1). கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி மக்கள் மாநில அரசுடன் தமிழில் எழுதிக்கொள்ள 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சலுகை மாநில அலுவலகங்களோடு நின்றுவிடுகிறது, மும்பைக்குச் செல்லாது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் நின்று மனு போட்டால் அதே தமிழ் சட்டப்படி செல்லும்! வேடிக்கையை விட்டுவிட்டுச் சொன்னால், பெட்டியில் ஆங்கிலத்தில் நாலு வரிக் கேள்வியும் இணைப்பில் தமிழ் மூலமும் வைப்பதே பாதுகாப்பு. பதில் ஆங்கிலத்தில்தான் வரும் என்று எதிர்பாருங்கள்.

பணம் கட்டுவது பொதுவாகச் சிக்கலில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்றிதழை இணைத்தால் கட்டணமே கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கணக்கிலிருந்து 10 ரூபாய் போய்விட்டது, பதிவு எண் வரவில்லை என்றால் மறுபடி கட்டாதீர்கள். வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்து எண் உருவாக 24 முதல் 48 மணி வேலை நேரம் எடுக்கும் என்று தளமே சொல்கிறது. அவசரப்பட்டால் ஒரே கேள்விக்கு இரண்டு எண்.

அக்ஷயா மையத்தில் (கேரளத்தின் இ-சேவை மையம்) போடுபவர்கள் கவனிக்க வேண்டியது செல்போன் எண்ணும் மின்னஞ்சலும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மையத்தின் எண்ணைப் போட்டுவிட்டால், கூடுதல் கட்டணம் கேட்டு வரும் செய்தி உங்களுக்கு வராது. "சேட்டா, என் நம்பரையே போடுங்க" என்று கவுண்டரிலேயே சொல்லி, திரையில் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி எழுதிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள்வரை, பதில் தர அவர்களுக்குள்ள 30 நாள் கெடு ஓடாது. அந்தச் செய்தி யாரோ ஒருவர் போனில் கிடந்தால் மனுவும் அங்கேயே கிடக்கும். இணையமே வேண்டாம் என்றால் கணினி வசதியுள்ள பல தபால் நிலையங்களில் மத்திய அமைப்புகளுக்கான மனுவை வாங்கிக்கொள்வார்கள். கெடுவில் மட்டும் ஐந்து நாள் கூடும்.

இனி கேள்வி. 'மக்கள் பணத்தில் அதிகாரிகள் ஏன் இப்படி ஊர் சுற்றுகிறார்கள்?' என்று கேட்டால் 10 ரூபாய் வீண். 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. கோப்பில் இருப்பதைத்தான் அவர் தருவார். 'கடந்த பத்தாண்டின் எல்லாப் பயண விவரமும்' என்பதும் அதே அளவு மோசம். 'திரட்டித் தர எங்கள் ஆள்பலம் முழுவதும் இதற்கே போய்விடும்' என்று பிரிவு 7(9)-ஐக் காட்டிவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

ஒழுங்கான கேள்வி இப்படிப் போகும்: '2024 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை, செயல் இயக்குநரும் அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ளவர்களும் மேற்கொண்ட வெளிநாட்டு அலுவல் பயணம் ஒவ்வொன்றுக்கும்: பதவி, நாடும் நகரமும், புறப்பட்ட நாள், திரும்பிய நாள், நோக்கம், குழுவில் எத்தனை பேர், விமான வகுப்பு, டிக்கெட் தொகை, தங்கும் செலவு, தினப்படி, செலவை ஏற்ற அமைப்பு.' ஒரு காலாண்டு, ஒரு பதவி மட்டம், அவ்வளவுதான்.

காலாண்டு என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்தியப் பணியாளர் துறை 2013 ஏப்ரல் 15-ல் விட்ட வழிகாட்டுதல், அமைச்சர்கள், இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகள், துறைத் தலைவர்கள் ஆகியோரின் உள்நாட்டு, வெளிநாட்டுப் பயண விவரத்தைத் தாங்களாகவே வெளியிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது. பயணத்தின் தன்மை, இடம், காலம், குழுவின் எண்ணிக்கை, மொத்தச் செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்த அச்சிலேயே கேள்வி இருந்தால் 'இப்படித் தொகுக்கும் வழக்கமில்லை' என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். மனு போடுமுன் அந்த அமைப்பின் இணையதளத்தில் பிரிவு 4 வெளியீடுகளை (யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவை) ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் 10 ரூபாயும் 30 நாளும் மிச்சம்.

கேள்வியின் கடைசியில் மாற்று வரி ஒன்று சேர்க்க வேண்டும். இருக்கும் தகவலைத் தந்தால் போதும், புதிதாகத் தொகுத்துத் தரவேண்டியதில்லை என்று 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு கைவிரிப்பது சுலபம். எனவே, 'அட்டவணையாக இல்லையென்றால் பயண அனுமதி ஆணை, பயணப்படி பில், டிக்கெட் முகவர் பில் ஆகியவற்றின் நகல் தரவும். பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு எண்ணைப் பிரிவு 10-ன்படி மறைத்துத் தரலாம்.' கணக்கு பாருங்கள்: 40 பயணம், ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பக்கம் என்றால் 320 பக்கம், 640 ரூபாய். கோப்பை நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய்தான். ஆனால் அதற்கு மும்பை போக வேண்டும். அவர்கள் பயணச் செலவைப் பார்க்க நம் பயணச் செலவு!

டிக்கெட் முகவர் பில்லைத் தனியாகக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். பயணப்படி பில்லை மட்டும் கேட்டால் தங்கும் செலவு, சாப்பாடு, டாக்ஸி மட்டும் வந்து, தொகை ஆச்சரியப்படும்படி சின்னதாக இருக்கும். விமான டிக்கெட்டை முகவர் அலுவலகத்துக்கே நேராக பில் போட்டிருந்தால் அது அதிகாரியின் பில்லில் ஏறவே ஏறாது. மொத்தத்தில் பெரிய தொகை அதுதான்.

காலத்திலும் ஒரு கண்ணி. ரிசர்வ் வங்கியின் கணக்காண்டு முன்பு ஜூலை முதல் ஜூன் வரை. அதை ஏப்ரல்-மார்ச் ஆக மாற்றியபோது 2020-21 ஒன்பது மாத ஆண்டாகிப் போனது. அதை 2021-22-உடன் ஒப்பிட்டு 'செலவு எகிறிவிட்டது' என்று எழுதினால் பன்னிரண்டு மாதத்தை ஒன்பது மாதத்தோடு நிறுத்ததாகும். கொரோனா வேறு இடையில். 'ஆண்டு' என்று எழுதாமல் நாள், மாதத்தோடு கேளுங்கள்.

பயணப்படி விகிதத்திலும் கவனம் வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கான 2017 ஜூலை ஆணைப்படி, சம்பள நிலை 14-க்கும் மேலும் உள்ளவருக்கு ஓட்டலுக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரை, சாப்பாட்டுக்கு 1,200. நிலை 12, 13-க்கு 4,500-ம் 1,000-மும். வெளியே இருந்த நேரம் ஆறு மணிக்குள் என்றால் சாப்பாட்டுத் தொகையில் 30 விழுக்காடு, பன்னிரண்டு மணிவரை 70. அகவிலைப்படி 50 விழுக்காடு கூடும்போதெல்லாம் இந்தத் தொகைகள் 25 விழுக்காடு கூடும் என்ற ஷரத்தும் அதிலேயே உண்டு. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50-ஐத் தொட்டது. பழைய 7,500-ஐ வைத்துக்கொண்டு 'வரம்பு மீறல்' என்று போஸ்ட் போட்டால் நம் முகத்தில்தான் கரி. அதைவிட முக்கியம், ரிசர்வ் வங்கிக்கும் செபிக்கும் அவரவர் பயண விதிகள். அரசின் அட்டவணையை அவர்கள்மேல் அப்படியே பொருத்தக்கூடாது. 'அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த பயணப்படி விதிகளின் நகல்' என்று கேள்வியில் ஓர் உருப்படி சேர்த்துவிடுங்கள்.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் பிரிவு 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல் என்று. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் விதிவிலக்கு இருந்தது. 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கத்தரித்துவிட்டது. 2025 நவம்பர் முதல் அது நடைமுறை. 'தனிநபர் தகவல்' என்று இரண்டே சொல்லில் கதவை மூடலாம் என்கிற நிலை. மிச்சமிருக்கும் சாவி பிரிவு 8(2): பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம். அதனால்தான் மேலே காட்டிய கேள்வியில் ஆள் பெயரே இல்லை, பதவி மட்டும். முடிந்துபோன பயணத்தை மட்டும் கேட்பதும் நல்லது. வரப்போகும் பயணத்தைக் கேட்டால் பாதுகாப்பு என்று தட்டிவிடுவார்கள்.

மேல்முறையீட்டைப் பொறுத்தவரை தளம் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. 30 நாளில் பதிலில்லை என்றாலோ திருப்தியில்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே பதிவு எண்ணை வைத்து, காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பலாம். கட்டணமில்லை. 30 நாளில், போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தளம் கையைக் கழுவுகிறது. இரண்டாவது மேல்முறையீடு மத்தியத் தகவல் ஆணையத்தின் தனித் தளத்தில், 90 நாளுக்குள். மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பிடிஎஃப்பாக எடுத்து வைத்தவர் தப்பித்தார். தாமதத்துக்குத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 அபராதம் என்பது சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி மனுவில் மிரட்டல் வரி எழுத வேண்டாம்.

இவ்வளவு எதற்கு, தணிக்கை பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அமைப்புக்கு அமைப்பு வேறுபடுகிறது. செபி, ஐஆர்டிஏஐ கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) தணிக்கை செய்கிறார், அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ரிசர்வ் வங்கிக்கு அப்படி இல்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 50-ம் பிரிவின்படி மத்திய அரசு நியமிக்கும் தணிக்கையாளர்கள்தான். தலைமைத் தணிக்கையாளரை அரசு எப்போது வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்கிறது 51-ம் பிரிவு, அது அரசின் விருப்பம். ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கையில் பயணச் செலவைத் தேடினால் இயக்குநர்கள், வட்டாரக் குழு உறுப்பினர்களின் கட்டணமும் செலவும் என்ற வரி கண்ணில் படும். அதிகாரிகளின் விமான டிக்கெட் அந்த வரியில் இல்லை. ஆக, ரிசர்வ் வங்கிக்கு இந்த 10 ரூபாய் வழியின் மதிப்பு செபிக்கு இருப்பதைவிட ஒருபடி அதிகம்.

பதில் கைக்கு வந்ததும் எல்லோரும் பெரிய தொகையைத்தான் தேடுகிறார்கள். லண்டனுக்கு நாலரை லட்சம் என்று ஒரு வரி இருந்தால் அதைத்தான் வட்டமிடுவார்கள். அனுமதிக்கப்பட்ட வகுப்பு, அனுமதிக்கப்பட்ட நாள் என்றால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உற்றுப் பார்க்க வேண்டியது தங்கும் செலவுக் கட்டத்தில் பூஜ்யம் இருக்கும் வரியை. நாலு நாள் வெளிநாட்டில் இருந்தவருக்கு ஓட்டல் செலவே இல்லையென்றால் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு நாட்டு மத்திய வங்கியோ சர்வதேச அமைப்போ கொடுத்திருந்தால் அது வழக்கமான உபசாரம். அவர் கண்காணிக்க வேண்டிய நிறுவனமோ, அந்தத் தொழிலின் சங்கமோ கொடுத்திருந்தால் விஷயம் வேறு. வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க, 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ம் பிரிவின்படி, அரசு ஊழியரும், அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்பின் ஊழியரும் முன் அனுமதி வாங்க வேண்டும். 'செலவை ஏற்ற அமைப்பு' என்ற கடைசி உருப்படியைக் கேள்வியில் வைத்தது இதற்காகத்தான். பல பதில்களில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கோடு போட்டு விட்டுவிடுவார்கள். அப்படி வந்தால் முதல் மேல்முறையீட்டில் மற்ற எதையும் தொடாமல் அந்தக் கட்டத்தை மட்டும் கேளுங்கள். கூடவே இன்னொரு 10 ரூபாய் கட்டி, அதே பயணத்துக்கான 6-ம் பிரிவு முன் அனுமதிக் கடிதத்தின் நகலைப் புது மனுவில் கேளுங்கள்.